பத்து புள்ளி சைபர்

“தோட்டத்துப் பிள்ளை. கொம்பியூட்டருக்கு முன்னால எத்தனை நாளைக்கு இருக்கும் எண்டு பாப்பம்.”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் காலையில், என் காதில் விழட்டும் என்றே பெரிய கிராணி இதைச் சொன்னார். பெரிய கிராணி என்றால் நம் கிளினிக்கின் தலைமை எழுத்தர். நீங்கள் இன்னும் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாரே, அவர்தான். அவருடைய அப்பாவும் கிராணி, தாத்தாவும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து பேனாவோடு கப்பலேறி வந்த குடும்பம். என் அப்பாவும் அம்மாவும் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். கையெழுத்து கேட்ட இடத்தில் எல்லாம் பெருவிரலை வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் ஆறாம் படிவம் வரை, அதாவது பள்ளியில் பதின்மூன்று வருடமும், படித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பட்டவொர்த்தில் மாலை வகுப்பு போய்க் கணினியும் கற்றேன். அந்தச் சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

ஆகவே மனத்துக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன்: இந்த அறையில் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் அடுத்த வாரம் என் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். எந்தச் சாவியை எப்போது தட்டுவது என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை. கோப்பில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். எழுத உட்காரும்போதே அயர்ச்சியாக இருக்கிறது. ஆனால் நீங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது.

நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், நிபோங் திபால். பஸ், பிறகு ஃபெர்ரி, பிறகு ஜெட்டியிலிருந்து நடை. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து கால் மரத்துப்போனவர்களுக்கு ஒரு முழு நாள் போய்விடும். அதனால்தான் இந்தத் திட்டம் வந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இரத்தத்தில் சீனி பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றை இரவலாகக் கொடுக்கிறோம். எல்லாரும் அதைச் ‘சீனிப் பெட்டி’ என்பார்கள். விரலைக் குத்தி, ஒரு சொட்டு வைத்தால் எண் காட்டும். மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் நமக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். நாம் கணினியில் அடிப்போம். கணினி முந்தைய எண்களையும் சேர்த்துப் பார்த்து, ஊசி மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அப்படியே விடலாம் என்று ஒரு வரி எழுதும். மிஸ்ஸி, நம் மூத்த நர்ஸ், அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் நாம் நோயாளிக்குச் சொல்லலாம். டாக்டர் காலையில் மட்டும்தான் வருவார்.

தொடங்கிய புதிதில் எல்லாருக்கும் ஒரே பெருமை. எனக்கு எல்லாரையும்விட அதிகம்.

அந்த முதல் வருடத்தில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தையல்காரர் தினமும் பேசுவார். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “தங்கச்சி, இன்னிக்கு நம்பர் இல்ல லா. பெட்டி எனக்கு ஹாய் சொல்லுது!” என்றார்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“மெய்யா லா. ஹெச், ஐ. நேத்தும் சொல்லிச்சு. மரியாத தெரிஞ்ச பெட்டி.”

பக்கத்தில் நின்ற மிஸ்ஸி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “தம்பி, மெஷினை வைங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். சீனி அந்தப் பெட்டியால் எண்ண முடியாத உயரத்துக்குப் போனால் அது எண்ணுக்குப் பதிலாக அந்த இரண்டு எழுத்தைக் காட்டும். தையல்காரர் பிழைத்தார். அதற்குப் பிறகு மூன்று மொழியிலும் ஒரு சீட்டு அடித்து எல்லாப் பெட்டியின் முதுகிலும் ஒட்டினோம்: ‘HI என்றால் வணக்கம் அல்ல, ஆபத்து.’ நான்தான் அடித்தேன். கிளினிக்கில் அது பெரிய சிரிப்புக் கதை. புதிதாகப் பெட்டி வாங்க வருகிறவர்களுக்கு எல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்போம். நமக்குச் சீனி ஏறுவதுதான் பயம். அது இறங்கும் பக்கத்தைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு வரி இல்லாதது குறையாக யாருக்கும் படவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் கணினி புள்ளி இல்லாத எண்ணை வாங்காது. 7 என்று அடித்தால் ‘பீப்’ என்று கத்தும். 7.0 என்று அடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். பெட்டி எப்போதும் புள்ளியோடுதான் காட்டும், ஏழு புள்ளி மூன்று, ஒன்பது புள்ளி ஆறு என்று. ஆனால் போனில் பேசுகிறவர்கள் பல நேரம் புள்ளியை விட்டுவிடுவார்கள். முதல் வாரத்தில் அப்படி ஒரு நாள் கணினி கத்தியது. பெரிய கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, சத்தம் போடுதோ?”

அன்றிலிருந்து கணினி கத்தவில்லை. யாராவது “ஏழு” என்றால் நான் ஏழு புள்ளி சைபர் என்று அடித்தேன். புள்ளிக்குப் பிறகு என்ன என்று திருப்பிக் கேட்கலாம். கேட்டால் ஒரு நிமிடம் போகும், வரிசையில் அடுத்த அழைப்பு காத்திருக்கும், பெரிய கிராணி பார்ப்பார். சைபர் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். அது பொய் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. சைபர் என்றால் ஒன்றுமில்லைதானே என்று நினைத்தேன்.

பாக்கியம் அக்கா சுங்கை பாக்காப்பில் இருந்தார். தோட்டம் மூடியபிறகு ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. ஐம்பது வயது தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் வேலை செய்தாரே தவிர, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. எண்கள் மட்டும் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. வீட்டில் போன் கிடையாது. வேலை முடிந்து வரும் வழியில், வீட்டுக்குப் பக்கத்துச் சீனர் மளிகைக் கடைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே விரலைக் குத்தி, கடையில் இருந்த காசுப் போனில் என்னைக் கூப்பிடுவார்.

“கம்ப்யூட்டர் தங்கச்சி, சாப்டியா?” எண்ணைச் சொல்வதற்கு முன்னால் தினமும் இந்தக் கேள்விதான்.

“சாப்பிட்டேன்க்கா. நம்பர் சொல்லுங்க.”

“என்னா அவசரம்? என்னா கறி?”

போன தீபாவளி முடிந்த மறுநாள் போன் ஓயவில்லை. தீபாவளிக்குப் பிறகு எல்லாருக்கும் எண் ஏறும். முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் பக்கத்து வீட்டுக்குப் போய் வருமே, அதில் யார் கையை மடக்கிக்கொண்டு இருப்பார்கள்? பாக்கியம் அக்காவுக்கும் பதின்மூன்று சொச்சம். கணினி மருந்தைக் கூட்டச் சொன்னது, மிஸ்ஸி கையெழுத்துப் போட்டார், நான் சொன்னேன். மறுநாள் ஆறு புள்ளி ஒன்று. எனக்குச் சந்தோஷம். அதற்கு அடுத்த நாள், “பத்து” என்றார். நான் பத்து புள்ளி சைபர் அடித்தேன். மறுநாளும் “பத்து”. தீபாவளிப் பலகாரம் இன்னும் வீட்டில் மிச்சம் இருக்கிறது போலும் என்று நினைத்தேன். கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன்.

“அக்கா, வாயைக் கட்டணும்க்கா.”

“கட்டிக்கிட்டுத்தான் தங்கச்சி இருக்கேன்” என்றார். சிரித்தார். பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பத்து சேர்ந்ததும் கணினி இன்னும் இரண்டு அளவு கூட்டச் சொன்னது. அன்று மிஸ்ஸியின் மேசையில் கையெழுத்துக்கு ஒரு கட்டு இருந்தது, எல்லாம் தீபாவளி ஏற்றம். மிஸ்ஸி போட்டார். நான் சாயந்திரம் மளிகைக் கடையின் சொந்தப் போனுக்குக் கூப்பிட்டு, பாக்கியம் அக்காவை அழைத்து வரச் சொல்லி, “நாளைக் காலையிலருந்து ரெண்டு கூட்டிப் போடுங்க” என்று சொன்னேன். எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சரிபார்த்தேன். அதில் எல்லாம் நான் மிகக் கவனம்.

மறுநாள் மதியம் இரண்டே கால். மிஸ்ஸி காலில் புண் முற்றிய ஒருவரை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். டாக்டர் போய்விட்டார். அறையில் நானும் பெரிய கிராணியும்தான். போன் அடித்தது.

“பத்து” என்றது குரல். பிறகு ஒரு சிரிப்பு. “பத்து, பத்து.”

சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. என் விரல் ஒன்றையும் சைபரையும் அடித்துவிட்டுப் புள்ளியின் மேல் இருந்தது.

“பாக்கியக்காதானே?”

“நீங்க யாரு?”

“நான்தான்க்கா. நீங்கதானே கூப்பிட்டீங்க.”

“நானா?” மறுபடி சிரிப்பு. நாக்கு தடித்தாற்போல் இருந்தது பேச்சு. “எனக்கு வேர்க்குது தங்கச்சி. காத்தே இல்ல.”

அன்று மழை. இங்கேயும் மழை, கடலுக்கு அந்தப் பக்கமும் மழைதான் இருக்க வேண்டும். புள்ளிச் சாவியிலிருந்து விரலை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று நாளாக அதே பத்து என்பதா, அந்தச் சிரிப்பா, தெரியாது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“அக்கா, பத்து புள்ளி எத்தனை?”

“புள்ளியா? புள்ளி இல்ல லா. ஒண்ணு, பக்கத்துல சைபரு. அவ்ளோதான்.”

“நல்லாப் பாருங்கக்கா.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணு காலை நீட்டிக்கிட்டு இருக்கு. என்னைய மாதிரி.”

காலை நீட்டிய ஒன்று. அதை நான் என் முன்னால் இருந்த தாளில் எழுதிப் பார்த்தேன். நேர்க்கோடு, கீழே ஒரு சின்னக் கால். L. பக்கத்தில் வட்டம். LO. சீனி எண்ண முடியாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்று பெட்டி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறது. அவருக்கு அது பத்து. எனக்குப் பத்து புள்ளி சைபர். கணினிக்கு, மருந்தைக் கூட்ட ஒரு காரணம்.

“அக்கா, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?”

“சாப்பிடக் கூடாது லா. சஷ்டி.”

“என்ன?”

“ஆறு நாள் விரதம். இன்னிக்கு நாலு. ராத்திரிக்குப் பாலும் பழமும்.” அவர் குரல் தூரத்திலிருந்து வந்தது. “பொண்ணுக்குத்தான். ரெண்டு கலைஞ்சிருச்சு, இது நிக்கணும்ல. ஒங்ககிட்ட சொன்னா மிஸ்ஸி ஏசுவாங்க.”

“காலையில ஊசி போட்டீங்களா?”

“போட்டேனே. நீதானே ரெண்டு கூட்டச் சொன்ன.”

கந்தசஷ்டி தீபாவளியை ஒட்டியே வரும். அது எனக்குத் தெரியாதா? என் அம்மாவே இருந்திருக்கிறார். வீட்டில் தெரிந்த விஷயம், கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதுவும் நம் கணினியில் விரதம் என்று ஒரு கட்டம் கிடையாது. ‘உணவுக் கட்டுப்பாடு: உண்டு, இல்லை’ என்றுதான் இருக்கிறது. அவர் பேருக்கு நேராக ‘இல்லை’ என்று அடித்தவளும் நான்தான்.

“அக்கா, கடைக்காரம்மாகிட்ட சொல்லி ஏதாச்சும் இனிப்பாக் குடிங்க. இப்பவே.”

“முடியாது.” அதுவரை குழறிய குரல் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் தெளிவாக இருந்தது. “இன்னும் ரெண்டு நாளு. புள்ள தங்கணும்.”

“அப்ப கடைக்காரம்மாகிட்ட போனைக் கொடுங்க.”

கொடுத்தார். நான் மலாயில் சொன்னேன்: பாக்கியத்துக்குச் சீனி வேண்டும், சிராப் கரைத்துக் கொடுங்கள், சீக்கிரம்.

“குலா? மானா போலே!” கடைக்காரம்மா என்னை அதட்டினார். சீனியா, அது எப்படி முடியும், இவளுக்கு இனிப்பு நீர், பத்து வருடமாக என் கடையில் ஒரு மிட்டாய்கூட நான் இவளுக்கு விற்றதில்லை, கேட்டாலும் கொடுக்கமாட்டேன், நீ யார்? இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் காசு தீர்ந்து போன் துண்டித்துக்கொண்டது.

கடையின் எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“என்ன பிள்ளை பிரச்சினை?” என்று பெரிய கிராணி எழுந்து வந்தார். மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும், “நீ டாக்டரோ? மருந்து விஷயத்தில வாய் விடாதை. மிஸ்ஸி வரட்டும். பிழையாய்ப் போனால் ஆர் பதில் சொல்றது?” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நீங்கள் அவர்மேல் கோபப்பட வேண்டாம். அதிகாரம் இல்லாத இடத்தில் கை வைக்காதே என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. பெரும்பாலான நாள் அது சரியான வேலையும்கூட. மிஸ்ஸி எப்போது வருவார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தார் கடைக்காரம்மா.

“பாக்கியம் எங்கே?”

“தீடோர்” என்றார். தூங்குகிறாளாம். அரிசி மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டாள், களைப்பு போல, எழுப்பவில்லை என்றார்.

“தூக்கம் இல்லை அது!” என்று நான் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும். “கூப்பிடுங்கள். முழிக்கிறாளா?”

கூப்பிடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரலில் அதட்டல் இல்லை. முழிக்கவில்லை, என்ன செய்ய, என்றார். ஆனால் சீனி என்றதும் மறுபடி தயங்கினார். “நீ யார்? சியாபா இனி?”

பெரிய கிராணி என் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்க்காமல், “சாயா மிஸ்ஸி” என்றேன்.

நான் மிஸ்ஸி. ஐந்து வருடத்தில் என்னை யாராவது தவறுதலாக அப்படிக் கூப்பிட்டால்கூட, இல்லை, நான் கணினிப் பகுதி என்று நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன்.

மிஸ்ஸி என்ற சொல் அந்த அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. குடிக்க எதுவும் ஊற்றாதீர்கள், மூச்சில் ஏறிவிடும். சூசு டின்னைத் திறந்து, அந்தக் கெட்டிப் பாலை விரலில் தொட்டு, கன்னத்துக்கு உள்பக்கமும் ஈறிலும் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடையில் நிற்கிற யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்கச் சொல்லுங்கள். மிஸ்ஸி ஒருமுறை நம் காத்திருப்பு அறையில் ஒருவருக்கு இப்படிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது அவ்வளவுதான். அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது என் கையில் இருந்த பேனா, தாளில் அந்தக் காலை நீட்டிய ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து, கடைக்காரம்மா போனுக்கு வந்தார். கண் திறந்தாள், என்றார். திறந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு அழுதாளாம்.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்து, நல்ல காது உனக்கு, போனிலேயே கண்டுபிடித்துவிட்டாயே என்றார். பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் பிள்ளை தன்னை மிஸ்ஸி எண்டு சொன்னது, அது பதிவாக வேணும் என்றார். டாக்டர், உயிர் போகிற நேரத்தில் சொன்னது, விடுங்கள் என்றார். அத்தோடு கூட்டம் முடிந்திருக்கும். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கணினியில் பத்து புள்ளி சைபர் என்று இரண்டு வரி இருந்தது. நோயாளி தவறாகப் படித்தார், நாம் அப்படியே பதிந்தோம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே இருக்கும். அப்பா மாட்டிவைத்த சான்றிதழும் அப்படியே இருக்கும்.

“அவங்க பத்துன்னுதான் சொன்னாங்க” என்றேன். “புள்ளி சைபர் நான் போட்டது. கேக்காமப் போட்டேன். கேட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.”

பெரிய கிராணி தரையைப் பார்த்தார். அது எனக்கு அவர் ஏசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்ததும் மிஸ்ஸி என் தோளைப் பிடித்து நிறுத்தினார். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். “மிஸ்ஸின்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்ல. எத்தனை பேருக்கு இப்படி சைபர் போட்டிருக்க?”

“தெரியல மிஸ்ஸி.”

“தெரிஞ்சுக்க. நானும் ஒரு கட்டு கையெழுத்துப் போட்டவதான். எனக்கும் தெரியணும்.”

அன்று மதியம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கத்தான் வேண்டியிருந்தது. நீங்கள் ஒரு பெரிய தவறு செய்யும் நாளில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வெட்கப்படுவதற்கு என்று யாரும் உங்களுக்குத் தனியாக ஒரு மதியம் கொடுக்கமாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் புள்ளிக்குப் பிறகு என்ன என்று கேட்டேன். “என்னா லா இன்னிக்கு இவ்ளோ கேள்வி?” என்று அலுத்துக்கொண்டார்கள். கணினி இரண்டு தடவை கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

பத்து புள்ளி சைபர் என்று இருந்த பெயர்களை எல்லாம் தாளில் எடுத்தேன். பதினேழு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஒவ்வொரு வீடாகப் போனேன். பெட்டியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி, திரையில் என்ன கண்டீர்கள், அதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள் என்று கேட்டேன். பெரும்பாலோருக்குப் பத்து உண்மையில் பத்துதான். ஒரு வீட்டில் மட்டும், கண் மங்கிய ஒரு கிழவர், காலோடுதான் வரைந்தார். அவருக்கு அதிகாலையில் நெஞ்சு படபடக்கிறதாம். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். மறுநாளே அவருடைய மருந்தை டாக்டர் குறைத்தார். பெட்டிகளின் முதுகில் இப்போது இரண்டாவது சீட்டும் இருக்கிறது. எழுத்தில் இல்லை, படமாக.

பாக்கியம் அக்காவின் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டதாகக் கடைக்காரம்மா சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை, இனித் தள்ளிப்போட யாரும் மிச்சம் இல்லாததால், சுங்கை பாக்காப்புக்குப் போனேன்.

என் குரலைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி வாங்க வந்தபோது அவர் மிஸ்ஸியைத்தான் பார்த்தார்; அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

“கம்ப்யூட்டர் தங்கச்சியா? இவ்ளோ சின்னப் பொண்ணா நீ?” என்றார். உட்காரச் சொல்லவில்லை. உள்ளே அவருடைய மகள் பாயில் சாய்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. எனக்கு அங்கே பார்க்கப் பயமாக இருந்தது.

“என் விரதத்தைக் கெடுத்துட்ட.”

“ஆமாக்கா.”

“இதுக்கு ஏதாச்சும் ஆனா நான் யாரைக் கேப்பேன்?”

படித்த படிப்பில் அதற்கு ஒரு பாடமும் இல்லை. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நீங்கள் பத்து என்று சொன்னீர்கள், சைபரை நான் சேர்த்தேன், கேட்டிருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே மருந்தைக் குறைத்திருப்பார்கள், விரதமும் கெட்டிருக்காது.

“அப்ப பெட்டி பொய் சொல்லல?”

“இல்லக்கா. பெட்டி சரியாத்தான் சொல்லிச்சு.”

“எத்தனை வருசம் படிச்ச நீ?”

“பதிமூணு.”

“பதிமூணு வருசம் படிச்சவ தப்பா எழுதுற. ஒரு நாளும் படிக்காத நான் தப்பாப் படிக்கிறேன். நல்ல கூட்டு லா நமக்கு.” சிரிக்காமல்தான் சொன்னார். உள்ளேயிருந்து மகள் சிரித்துவிட்டாள். “ஒக்காரு, நிக்காத” என்றார் அதற்குப் பிறகு.

தேநீர் வந்தது, எனக்குச் சீனியோடு, அவருக்கு இல்லாமல். விட்டுப்போன அந்த இரண்டு நாளையும் தைப்பூசத்துக்கு முன்னால் விரதம் இருந்து தீர்க்கப் போவதாகச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். வேண்டாம் என்றால் மறுபடி நமக்குத் தெரியாமல் இருப்பார். எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதை டாக்டரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இருக்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன் என்றார். அவர் இருப்பார் டாக்டர், என்றேன். கடைசியில், அந்த இரண்டு நாளுக்கு ஊசி எவ்வளவு, எண் எங்கே வந்தால் விரதத்தை அங்கேயே முடிக்க வேண்டும், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாக்கியம் அக்கா அதற்குக் கடை போனில் சம்மதம் சொன்னார், முனகிக்கொண்டே. மகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அந்த இரண்டு நாளும் மதியம் இரண்டு மணிக்குப் போன் அடிக்கும்போது நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். அதனால்தான் இத்தனையும் எழுத வேண்டியதாயிற்று. புள்ளிக்குப் பிறகு என்ன என்று கேளுங்கள். சாப்பிட்டீர்களா என்றும் கேளுங்கள், ஏசுவதற்காக இல்லை.

நான் சுங்கை பாக்காப்பில் இருப்பேன். இன்று காலை விடுப்புத் தாளை நிரப்பிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘விரதம்’ என்று எழுதினேன். பெரிய கிராணி அதை இரண்டு முறை படித்தார். யாருடைய விரதம் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.